ஆர்கடிக்குப் போர்த்திய பொன்னாடை

கையில் மைக் கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன். இது என் மனைவி வைஷாலிக்கும் தெரியும், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் தெரியும். அப்படியும் ஆண்டு விழாவில் ஆர்கடிக்குப் பொன்னாடை போர்த்தும் வேலை என்னிடம்தான் வந்தது. அவரைச் சங்கத்துக்குக் கூட்டி வந்தவன் நான்.

ஆர்கடி சனிக்கிழமைதோறும் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் எங்கள் சங்கத்துப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் ரஷ்யாக்கார மாஸ்டர். எந்த ஊர், என்ன கதை என்று நான் கேட்டதே இல்லை. பள்ளியில் யாரோடும் ஒட்டாத என் மகள் தாரிணி, அவர் எதிரே உட்கார்ந்தால்தான் வாய்விட்டுச் சிரிப்பாள். வாராவாரம் அவளை வகுப்புக்குக் கூட்டிப் போவது நான்தான். அவர் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் விழாவில் அவரைக் குளிர்வித்துவிட நினைத்தேன்.

தகனினியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து விழாவுக்கு வரும்போதே வைஷாலி சொன்னாள், "ஏங்க, நன்றின்னு சொல்லி முடிச்சிடுங்க."

"பொன்னாடைன்னா நாலு வார்த்தை புகழ்ந்தாத்தான் மரியாதை" என்றேன்.

நாலு வார்த்தையோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். அவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறினேன். உங்கள் தலைவரைப் போல ஓர் ஆண்பிள்ளை உலகத்திலேயே கிடையாது, மேற்கத்திய நாடுகளே நடுங்குகின்றன என்றேன். சோவியத் உடைந்தபோது தொழிற்சங்கக்காரரான என் அப்பா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். உடைந்ததை உங்கள் தலைவர் ஒட்டிக் காட்டுவார் என்று முடித்தேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பொன்னாடையைப் போர்த்தினேன். ஆர்கடி அதை எடுத்து, நிதானமாக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார்.

சங்கத் தலைவர் இரத்தினசிங்கம் என் பக்கத்தில் வந்தார். "என்ன கதைச்சனீர்? அந்த மனுசன்ர முகத்தைப் பார்த்தனீரோ?"

"உக்ரைன்காரரா இருப்பாருண்ணே. நான் நாட்டை மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன்.

கார் நிறுத்தத்தில் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். ரஷ்யர் என்று தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

"தவறில்லை. நான் ரஷ்யன்தான்" என்றார். "சோவியத் உடைந்தபோது என் அம்மா அழுதாள். என் தம்பி தெருவில் இறங்கி ஆடினான். எல்லாம் ஒரே வீட்டில்தான். அம்மாவின் அழுகை எனக்குப் புரிகிறது. உங்கள் அப்பாவின் துக்கமும் புரிகிறது. ஆனால் இந்தப் போர் வேண்டாம் என்று எழுதியதற்காக அந்தத் தம்பி இப்போது சிறையில் இருக்கிறான். நீங்கள் புகழ்ந்த மனிதரின் சிறையில்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அந்தப் போரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்ததுதான். அதையும் கைதட்டலுக்காகத்தான் பேசினேன். உள்ளே அடுத்த நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. தம்பியின் பெயரையாவது நான் கேட்டிருக்கலாம். அப்போதும் வெட்கமில்லாமல் என் காரியத்தைத்தான் கேட்டேன்.

"சனிக்கிழமை வகுப்பு?"

அவர் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

"உண்டு. தாரிணியை அனுப்புங்கள்" என்றார். "அவள் அம்மா கூட்டி வரட்டும்."