கூரைக்குக் கீழே வெளிச்சம்

போன பிப்ரவரியில் குன்வோரின் காரைப் பந்தயத் திடலின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் தலையைக் காக்க உள்ளே பொருத்தும் இரும்புக் கூண்டில், கூரையை ஒட்டிய பின் மூலையில், குழாய்களை வெல்டிங் செய்து சேர்த்த பற்றவைப்பு முழுக்க ஊசித்துளை. சோதனை செய்த உல்ரிகா கைக்கண்ணாடியை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இது உருண்டா உன் கழுத்து ஒடியும், குன்வோர். வீட்டுக்குக் கொண்டுபோ" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா புருஷன் ஸ்தூரே அதை ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். முப்பது வருஷமாகப் பந்தயம் ஓட்டுகிற மனுஷன், சொல்லாமல் இருப்பாரா? போதாக்குறைக்கு, "நான் பத்தவெச்சுத் தரேன், நீ ஓட்டு போதும்" என்று தாராளம் வேறு. குன்வோருக்கு அது பொறுக்கவில்லை. பனியில் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். ஒரு மூலையைப் பற்றவைக்கத் தெரியாதா? இந்த வருஷம் கூண்டு முழுக்கத் தன் கையாலேயே என்று முடிவெடுத்துவிட்டாள்.

அவளுக்குக் கை சரியாகத்தான் இருந்தது. கண்ணுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. வீட்டுக் கார்க்கொட்டகையில் இருந்த இரண்டு பழைய குழல்விளக்கும் மைனஸ் இருபது டிகிரி உறைபனியில் கண் சிமிட்டுமே தவிர எரியாது. எரிந்தாலும் சாணி நிறத்தில் ஒரு வெளிச்சம். மதியம் இரண்டரைக்கே வெளியே இருட்டிவிடும் ஊரில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வாங்கக் கடைக்குக் கிளம்பியபோது ஸ்தூரேவும் கூடவே தொற்றிக்கொண்டார். கடைக்காரன் காட்டிய பெரிய விளக்குத் தொகுதியின் விலையைப் பார்த்ததும் அவருக்குக் கொண்டாட்டம்.

"அடியே, உன் காரை விட இது ஜாஸ்தி!"

அது உண்மைதான். இந்தப் பந்தயத்தின் சட்டமே அப்படி. ஓடி முடித்த எந்தக் காரையும் நிர்ணயித்த மலிவு விலைக்கு எவனும் சீட்டு எழுதிப் போட்டுக் கேட்கலாம். பலர் கேட்டால் குலுக்கல். கொடுக்க மாட்டேன் என்றால் ஓட்டும் உரிமம் போய்விடும். அதனால் காரில் யாரும் காசைக் கொட்டுவதில்லை. நல்ல காருக்குச் சீட்டு குவியும். குன்வோரின் காருக்கு இதுவரை ஒரு சீட்டுகூட விழுந்ததில்லை.

"காரைத்தான், அத்தான், சீட்டு போட்டுப் பறிக்க முடியும். விளக்கை எவன் பறிப்பான்?" என்றாள் குன்வோர். ஆனாலும் பெரிய தொகுதியை அவள் தொடவில்லை. ஓரத்தில் கிடந்த நாலடி எல்.இ.டி. பட்டிகளில் நாலை எடுத்தாள். குளிரில் தயங்காமல் எரியுமா, ஈரம் புகாமல் மூடியிருக்கிறதா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் கூடையில் போட்டாள்.

நாலையும் காருக்கு நேர் மேலே உத்தரத்தில் வரிசையாக மாட்டினாள். பொத்தானைத் தட்டியதும் கொட்டகை கல்யாண வீடாகிவிட்டது. சந்தோஷமாக வெல்டிங் முகமூடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காருக்குள் தவழ்ந்து போய்ப் பின் மூலையைப் பார்த்தாள். கும்மிருட்டு.

கூண்டு இருப்பது காருக்குள். வெளிச்சம் முழுவதும் காரின் கூரைமேல் விழுந்து பளபளத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை அவள் முட்டிபோட்டபடியே ஐந்து நிமிஷம் திட்டித் தீர்த்தாள். கார்க்காரர்கள் எல்லாரும் விளக்கை மேலேதான் மாட்டுகிறார்கள், ஸ்தூரேவும்தான். எல்லாரும் தடவித் தடவியா பற்றவைக்கிறார்கள்?

எட்டிப் பார்த்த ஸ்தூரே, "இன்னும் நாலு வாங்கு. இல்லன்னா என்கிட்ட விட்டுடு" என்றார்.

"ரெண்டும் கிடையாது."

நாலையும் கழற்றினாள். கார் ஜன்னலின் உயரத்துக்கு, இடது சுவரில் இரண்டு, வலது சுவரில் ஒன்று அடித்தாள். நாலாவதை நீளக் கம்பியில் கட்டி, பின்கண்ணாடி இல்லாத ஓட்டை வழியாக உள்ளே விட்டாள். சுவர் கறுப்பு மரம், வெளிச்சத்தைக் குடித்துவிட்டது. வெள்ளையடிக்கலாம் என்றால் இந்தக் குளிரில் சாயம் காயாது. வைக்கோல் உருண்டைக்குச் சுற்றும் வெள்ளை பிளாஸ்டிக் பக்கத்துப் பண்ணையில் சும்மா கிடந்தது, ஆனால் தீப்பொறி பட்டால் கொட்டகையே போய்விடும். கடைசியில் அதே பண்ணையில், மாட்டுக்கொட்டகைக் கூரை மாற்றியபோது மிஞ்சிய வெள்ளைத் தகரத்தைக் கேட்டு வாங்கி வந்து இரண்டு சுவரிலும் அறைந்தாள். விரல்கள் மரத்துப்போயின. இரண்டு ஆணி வளைந்தது, ஒன்று கட்டைவிரலில் இறங்கியது.

மறுபடி உள்ளே தவழ்ந்தாள். பின் மூலையில் இரண்டு குழாயும் சேரும் கோடு, பென்சிலில் போட்ட கோடு மாதிரி தெரிந்தது. முதல் பற்றவைப்பை வைத்து, ஆறியதும் தட்டிப் பார்த்தாள். மூன்று ஊசித்துளை. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஒன்று. மறுபடி தேய்த்தாள். பத்து நாளும் வேலை முடிந்து பேருந்தை நிறுத்தியதும் நேரே கொட்டகைதான்.

பந்தயத்தன்று உல்ரிகா அதே கைக்கண்ணாடியோடு வந்தாள். பின் மூலையில் வெகுநேரம் நின்றாள்.

"இதை யார் பத்தவெச்சது?"

"நான்தான்."

உல்ரிகா ஸ்தூரேவைப் பார்த்தாள். தான் தொடவே இல்லை என்பதுபோல் அவர் கையை விரித்தார். உல்ரிகா காரின் முன்கண்ணாடியில், தேறியதற்கான பச்சை ஒட்டியை ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனாள்.

பனித்திடலில் குன்வோர் ஒன்பதாவதாகத்தான் வந்தாள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சீட்டு போடும் மேசையில் அவள் கார் எண்ணுக்குக் கீழே ஆறு சீட்டு. ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்த பெண், ஐந்தாவது பெயரில் நிறுத்திச் சிரித்தாள். ஸ்தூரே.

குன்வோர் திரும்பிப் பார்த்தாள். "அத்தான், நீங்களா?"

"கூண்டு நல்லா இருக்கே" என்றார் ஸ்தூரே, பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

குலுக்கலில் கார் வேற்றூர்க்காரன் ஒருவனுக்குப் போனது. சாவியைக் கொடுக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காருக்காக இல்லை, சந்தோஷம் தாங்காமல்தான். ஸ்தூரே அவளைத் தன் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவள் வீட்டு வாசலில் நிறுத்தியபிறகுதான் கேட்டார்.

"அடுத்த சனிக்கிழமை என் காரைக் கொண்டாரட்டா? அந்தப் பின் மூலை மட்டும்... எனக்கு அது என்னிக்குமே சரியாத் தெரிஞ்சதில்ல, குன்வோர்."

"எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றாள் அவள்.