உப்பில்லாத முப்பத்தொரு நாள்

அம்புரோஸ் டீ டம்ளரை எடுத்தான். பாதி டீ சட்டையில் கொட்டியது.

"என்னலே, கை இப்படி ஆடுது?" என்றேன். அவன் என் தம்பி. துறைமுகத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன்.

"ரெண்டு நாளா ஆடுது மைனி. வாந்தி வேற. வெயில்னு நெனைச்சேன்" என்றாள் அவன் மனைவி மரியசெல்வி.

"அக்கா வந்துட்டாள்லா, இனி பாடம் எடுப்பா" என்றான் அவன். நாக்கு குழறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவன் மூன்று வருடமாக மனநோய்க்கு லித்தியம் மாத்திரையில் இருப்பவன். அதற்கு முன், ஆறு நாள் தூங்காமலிருந்து கடலுக்குள் நடந்துபோனவனை மீனவர்கள்தான் இழுத்து வந்தார்கள்.

"சோத்துல என்னளா மாத்துனே?"

"தவக்காலம்லா மைனி. அந்த நோய் திரும்பப்படாதுன்னு மணப்பாட்டுச் சிலுவைக்கு நேர்ந்திருக்கேன். நாப்பது நாளும் ரெண்டு பேருக்கும் உப்பில்லாக் கஞ்சி. இன்னைக்கு முப்பத்தொண்ணு."

லித்தியமும் ஒருவகை உப்புதான். நரம்பணுவுக்குள் ஒரு புரதம் உண்டு. அது மிஞ்சி வேலைசெய்தால் அந்த நரம்பணு தன்னையே அழித்துக்கொள்ளத் தொடங்கும். மக்னீசியம் உட்காரும் இடத்தில் லித்தியம் உட்கார்ந்து அதை அடக்குகிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பாட்டில் உப்பு இல்லை, இருந்ததும் வியர்வையில் போகிறது என்றால், அது கிடைத்ததையெல்லாம் இழுத்துப் பிடிக்கும், லித்தியத்தையும் சேர்த்து. அளவு மீறினால், காத்த மருந்தே நரம்பைக் கெடுக்கும். இதையெல்லாம் அவளுக்கு விளங்கும்படி சொன்னேன்.

"இனி மாத்திரை போடாதலே. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

அவன் மாத்திரை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். "நிறுத்தமாட்டேன். திரும்பக் கடலுக்குள்ள போயிருவேன்."

"அங்கன உப்பு ஏத்துவாகளா மைனி?" என்றாள் மரியசெல்வி.

"ஏத்துவாங்க. சலைன்னா உப்புத்தண்ணிதான்."

"இன்னும் ஒம்பது நாள்தான்…" அவள் சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அட்டையைப் பிடுங்கினாள். "பாவம் எம்மேல இருக்கட்டும். ஆட்டோவைக் கூப்பிடுங்க."

ஆட்டோவில் அவன் தலை அவள் தோளிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், சலைன் சொட்டத் தொடங்கியது. முடிவு வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். நரம்பில் எவ்வளவு கெடாமல் மிச்சம் என்பதை எந்த முடிவும் உடனே சொல்லாது; அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

டாக்டர் குனிந்து மரியசெல்வியைக் காட்டினார். "இவங்க யாரு? பேர் சொல்லுங்க."

அவன் அவளையே வெகுநேரம் பார்த்தான். அவள் பேரின் முதல் எழுத்துக்குப்போல உதடுகள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டின. மூச்சை அடக்கிக்கொண்டு, அவை பிரிவதற்காக அவள் குனிந்து நின்றாள்.