வெர்லின் ட்வேட்டன் வந்து சேர்ந்த ஆறு

நெஸ்பி டவுன்ஷிப்பின் சரளை மேட்டில் கோடைக்காலத்தில் நடந்தவர்கள் எல்லோரும் நனைந்துதான் இறங்கினார்கள், ஆனால் மேட்டின் மேல் தண்ணீர் கிடையாது. ஜூனில் போனால் கணுக்கால் நனையும், ஆகஸ்டில் இடுப்பு வரை. நவம்பருக்குப் பிறகு காலுறைகூட ஈரமாகாது. விஸ்கான்சின் மாநிலத்தின் இந்தப் பகுதி முழுக்க ஒரு மைல் உயரத்துக்குப் பனி கிடந்த காலத்தில் அதன் வயிற்றுக்கடியில் ஓடிய ஓர் ஆறு, உருட்டி வந்த மணலையும் கூழாங்கல்லையும் நான்கு மைல் நீளத்துக்குக் குவித்துவிட்டுப் போனது என்று படித்தவர்கள் சொல்வார்கள். போனது என்பதில்தான் எங்களுக்குச் சந்தேகம். பனி உருகிப்போன செய்தியை அந்த ஆற்றுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நார்வேயிலிருந்து வந்து இங்கே காடு திருத்திய எங்கள் ஆட்கள் இதை வடிகால் கோளாறு என்று நினைத்தார்கள். ஈர வயலைக் கண்டால் சுட்ட மண்குழாயைப் புதைத்துத் தண்ணீரை வடிப்பது எங்கள் பழக்கம். 1911இல் ஒரு தடவையும் 1934இல் ஒரு தடவையும் மேட்டின் உச்சியில் குழாய் புதைத்தார்கள். குழாய்கள் காய்ந்து கிடந்தன, புதைத்தவர்கள் தொப்பலாக நனைந்து வீடு திரும்பினார்கள். அதன்பின் அடிவார வேலியில் இரண்டு ஜோடி நீள ரப்பர் பூட்ஸை மாட்டிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரர்கள் சுற்றிப்பார்க்க நாற்பது மைல் மேற்கே இருக்கும் பெரிய பள்ளத்தாக்குக்குத்தான் போவார்கள். எங்களிடம் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் 'மோசமில்லை' என்பதுதான் உச்சபட்சப் புகழ்ச்சி, புது மணப்பெண்ணுக்கும் புது டிராக்டருக்கும் அதே சொல்தான். இப்படிப்பட்டவர்கள் ஒரு மேட்டைப் பற்றி என்ன பீற்றிக்கொள்ள முடியும்?

1968 ஆகஸ்டில், மேட்டின் வட முனையில் மாடு வைத்துப் பால் கறந்துவந்த வெர்லின் ட்வேட்டன், வேலி தாண்டிய ஒரு கிடாரியைத் தேடி மேலே ஏறினான். அவனுக்கு முப்பத்தொரு வயது. அந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி மார்லிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிடாரியின் கால்கள் தரையை விட்டு எழும்பின. கயிற்றைப் பிடித்த வெர்லினும் மல்லாந்தான். இருவரும் பைன் மரங்களுக்கு நடுவே தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்து கண்ணுக்கு மறைந்துபோனார்கள். ஷெரிஃப் மோப்ப நாய்களோடு வந்தார், நாய்கள் நனைந்ததுதான் மிச்சம். ஈமச் சடங்குக்கு நாள் குறிக்க வந்த பாஸ்டருக்கு மார்லிஸ் காபியும் கேக்கும் கொடுத்து, "அவர் சாகல பாஸ்டர். வர்றதுக்கு லேட்டாகுது, அவ்வளவுதான்" என்றாள். பாவம், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று ஊர் முடிவு கட்டியது.

மூன்று வருடம் கழித்து, மேட்டின் தென் முனையில் உள்ள சிறு ஏரியில் வெர்லினின் தொப்பி மிதந்து வந்தது. 1974இல் ஒரு கையுறை வந்தது. 1980இல் இடது கால் பூட்ஸ், அன்று காலை மிதித்த சாணம் அழியாமல். பழைய ஆறு அவசரப்படும் ஆறல்ல என்றும், எடை கூடக் கூடத் தாமதம் ஆகும் என்றும் மார்லிஸ் புரிந்துகொண்டாள். விதைக் கடை காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெர்லின் 1993இல் வருவான், கிடாரி நான்கு வருடம் கழித்து. கோடை முழுக்க ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு துண்டு, ஓர் உலர்ந்த கால்சட்டையோடு ஏரிக்கரையில் போய் உட்காருவாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்கப்பட்டவளிடம் கேள்வி கேட்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு.

அந்த மரியாதைதான் வினையாக வந்தது. 1989 ஏப்ரலில், டவுன்ஷிப்பின் வருடாந்தரக் கூட்டத்தில், புதுச் சாலைக்காக மேட்டின் தென்பகுதியைத் தோண்டிச் சரளை எடுக்கலாமா என்று தலைவர் ஓரின் ஸ்கார் கேட்டார். எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான். தோண்டினால் வெர்லினின் எலும்பாவது கிடைக்கும், மார்லிஸ் மனம் ஆறும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்தோம், வாய்விட்டுச் சொல்லவில்லை. மார்லிஸுக்கோ தன் புருஷனுக்காக ஊருக்குச் சாலை வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அங்கே வெட்டினால் ஆறு அந்த இடத்திலேயே கொட்டிப்போகும், அவன் வந்துசேரவே மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் மாடுகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை இயந்திரம் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, வழக்கம்போல ஊரே மதுக்கடையில் வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தபோது, தலை முதல் கால் வரை நனைந்த ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பெயர் ரோசெட்டா பிக்ஸ், சிகாகோவில் பஸ் ஓட்டுபவள். பெரிய பள்ளத்தாக்கில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் எங்கள் மேட்டில் ஏறியிருக்கிறாள்.

"யாருங்க அந்த ஆளு, மேட்டு மேல தண்ணிக்குள்ள?" என்றாள். "கண்ணுக்குத் தெரியல. என் மேல இடிச்சுட்டு, 'ஐயையோ, மன்னிச்சுக்குங்க, இப்படி ஓரமா போயிக்கிறேன்'னு சொல்லிட்டுப் போறாரு. பின்னாடி எங்கயோ ஒரு மாடு வேற கத்துது. இருபது வருஷமா பஸ் ஓட்டுறேன், இடிச்சவன் ஒருத்தனும் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டதில்ல."

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த இடத்துல?"

"சிவப்பு ரிப்பன் கட்டி குச்சி நட்டிருக்காங்களே, அதுக்குக் கொஞ்சம் வடக்கால."

"அது வெர்லின்தான். கன்னுக்குட்டி மேல இடிச்சாலே மன்னிப்புக் கேக்குற மனுஷன்" என்றாள் மார்லிஸ். பிறகு இருபத்தொரு வருடக் கணக்கையும் எங்கள் முன்னால் சொல்லி முடித்தாள்.

ஓரின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தக் குச்சி நட்ட எடத்துலதான தோண்டப் போறோம்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மார்லிஸ்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, ஓரின்."

ரோசெட்டா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏங்க, நீங்கல்லாம் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

அவளுக்கு மீனும் உருளைக்கிழங்கும் கொடுத்தோம். ஓரின் கடைத் தொலைபேசியிலேயே இயந்திரக்காரனைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். அடுத்த வாரம் சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி எல்லோரும் கை தூக்கினோம். சாலை குண்டும் குழியுமாகவே கிடந்தது. புலம்பத்தான் செய்தோம், மார்லிஸ் காதில் விழாத தூரத்தில்.

ரோசெட்டா தன் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். மறு வருடம் முதல் கோடையானால் சிகாகோ, மில்வாக்கி கார்கள் வரத் தொடங்கின. இரண்டு ஜோடி பூட்ஸ் நாற்பது ஜோடி ஆயிற்று. ஹைவேயில் ஒரு பலகையும் வைத்தோம்: 'சரளை மேடு. மோசமில்லை.' வருபவர்கள் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும், ஆள் வருகிற வழி என்பது ஒன்றுதான் விதி. யாரிடம் எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்கப்பட்டது என்பதை இறங்கி வந்து மார்லிஸிடம் சொல்வார்கள். அவள் சமையலறை வரைபடத்தில் ஊசி குத்துவாள். ஊசிகள் ஒவ்வொரு கோடையும் தெற்கே இறங்கின. அந்த நான்கு வருடமும் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படவில்லை.

1993 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேரே எல்லோரும் ஏரிக்குப் போனோம். மதியம் இரண்டு மணி சுமாருக்கு வெர்லின் முழங்காலளவு தண்ணீரில் எழுந்து நின்றான். ஒரு காலில் மட்டும் பூட்ஸ். வயது அதே முப்பத்தொன்று. மார்லிஸுக்கு ஐம்பத்து நான்கு. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம். தலைச்சாயம் வாங்கி, பூசாமலே குப்பையில் போட்டிருக்கிறாள். அவள் துண்டை நீட்டினாள்.

"கிடாரிக் கயிறு கைய விட்டுப் போயிருச்சு, மார்லிஸ்" என்றான் வெர்லின்.

"தெரியும். அது தொண்ணூத்தி ஏழுலதான் வரும்."

அவன் துண்டை வாங்காமல் அவளுடைய வெள்ளைத் தலைமுடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். 

"மோசமில்ல" என்றான்.

மார்லிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இருபத்தைந்து வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். எங்களில் பலரும் அழுதோம், ஓரின் உட்பட. பிறகு உருளைக்கிழங்கு சாலட் பரிமாறினார்கள்.

கிடாரி தொண்ணூற்றாறு ஜூலையிலேயே வந்துவிட்டது, சொன்னதற்கு ஒரு வருடம் முன்னதாக. மார்லிஸ் அதன் எடையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டாளாம்.