வெர்னாவுக்குக் கிடைத்த இரண்டு நிமிடம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பால்பண்ணை நடத்தும் வெர்னா டோலெஃப்சனின் வீட்டுக் கிணற்றில், கைக்குழந்தைகளுக்கு ஆபத்தான நைட்ரேட் உப்பு ஏறிவிட்டது. மருமகள் முழுகாமல் இருந்தாள். மாநிலச் சுற்றுச்சூழல் பட்ஜெட்டில் இப்படிப்பட்ட கிணறுகளுக்கும் வழி செய்யச் சொல்லலாமென்று, மார்ச் மாதப் பனியில் வெர்னா தலைநகருக்குப் போனாள்.

சட்டமன்றக் குழுவின் கூட்டத்தில், பேசுவோர் பட்டியலில் அவள் பெயர் கடைசி. நேரமாகிவிட்டதென்று குழுத் தலைவர் எழப்போனார். எழுத்தர் ஐடா அவர் காதருகே குனிந்தாள்.

"மூணு மணி நேரம் பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க சார். சும்மா அனுப்பிடாதீங்க."

மைக்கை அணைக்காததால் எல்லோருக்கும் கேட்டது. தலைவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டே நிமிஷம்மா."

"பிறக்கப்போற பிள்ளைக்குப் பால்பவுடர் கரைக்க என் வீட்டுத் தண்ணியை நம்ப முடியலைங்க," என்றாள் வெர்னா.

மே மாதம் நிறைவேறிய மசோதாவில், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே, கெட்டுப்போன வீட்டுக் கிணறுகளுக்கென்று ஒரு பத்தி இருந்தது. பேரன் பிறந்த மாதமே அந்தப் பணத்தில் ஆழமாகப் புதுக் கிணறு தோண்டினார்கள். பரிசோதனையில் தண்ணீர் சுத்தம் என்று வந்தது.

மறுவாரம் ஆப்பிள் வைத்த 'பை' பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு ஐடாவின் அறைக்குப் போய் நின்றாள் வெர்னா.

விஷயத்தைக் கேட்டு ஐடா சங்கடப்பட்டாள். "மன்னிச்சுக்கங்க, முகம் ஞாபகமில்லை. தினம் நாப்பது பேர் பேசுறாங்க."

"உங்களுக்கு எதுக்குங்க ஞாபகம்? எனக்கு இருக்கு, அது போதும். முதல்ல சாப்பிடுங்க."

ஐடா காகிதத் தட்டு இரண்டு எடுத்து வந்தாள். ஒரு வாய் சாப்பிட்டதும், "பேரப்பையன் போட்டோ வச்சிருக்கீங்களா?" என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள்.