கைராசி வெளியே நிற்கிறார்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் 'கைராசி'. பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். செத்துக் கிடந்த ஃப்ரிட்ஜ், அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உறுமத் தொடங்கிவிடும். ஓடுகிற பெட்டியில் எதைப் பிரித்துப் பார்ப்பது?

"ஓடுதுங்களே" என்பார்.

"இவ்வளவு நேரம் ஓடலையே!" என்பார்கள்.

அவர் தெருமுனை திரும்பியதும் அது மறுபடி மூச்சை நிறுத்தும். ஒரு கல்யாண வீட்டில் அவரை அனுப்ப மனமில்லாமல், பந்தி முடியும்வரை சமையலறையிலேயே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ஐஸ்கிரீம் உருகவில்லை. அவருக்குத்தான் ஜலதோஷம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர், மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்தபின் சிரிப்பதை விட்டுவிட்டார். அவர் வேலைக்குப் போனால் அவளுக்கு மார்பை அடைக்கும். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து முதுகைத் தடவுவாள். அவர் வந்து கையைப் பிடித்ததும் சரியாகிவிடும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், எடுத்த படமெல்லாம் சுத்தமாக இருக்கும்.

"ஒண்ணுமில்லம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார் டாக்டர், போனமுறை சொன்னது போலவே.

"நீங்க ஃப்ரிட்ஜ்காரங்ககிட்ட சொல்றதையேதான் இந்த டாக்டரும் சொல்றாரு" என்றாள் மனைவி, வெளியே வந்ததும். "ஓடுதுங்களே!"

அவருக்குச் சந்தேகம் வந்தது. பழுதை மறைத்துக்கொண்டிருப்பது தான்தானா?

அடுத்தமுறை டாக்டர் அறை வாசலில் அவளை உட்காரவைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நான் இருந்தா உன் நோய்க்கு வெக்கம் வந்துடுது. வெளிய நிக்கிறேன். அது வரட்டும், டாக்டர் கண்ணால பாக்கட்டும்."

"வந்து, நான் போயிட்டா?"

"போயிடாத."

"உத்தரவு" என்றாள்.

தெருமுனை தாண்டி நின்றார். கட்டினவளுக்கு மூச்சு முட்டவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் புருஷன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று பட்டது. எந்தச் சாமியிடம் இதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. பொதுவாகக் கேட்டுவைத்தார்.

போன் அடித்தது. நர்ஸ்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்க, ரொம்ப வாங்குது. உங்களையே கேக்கறாங்க. ஓடி வாங்க!"

"டாக்டர் பாத்துட்டாரா?"

"பாத்துக்கிட்டிருக்காரு. என்னன்னு இன்னும் பிடிபடலை. வாங்களேன் சீக்கிரம்!"

ஓடினார். ஆஸ்பத்திரி கேட்டருகே கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே போனால் நோய் ஒளிந்துகொள்ளும். போகாவிட்டால், அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"பெரியவரே, உள்ள போறீங்களா இல்லையா? வழிய விடுங்க" என்றான் காவலாளி.

வழியை விட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.