'பார்ப்போம்' என்ற கோப்புறை

ஜீவராஜ் கொட்டியது நல்ல தேத்தண்ணி. முதல் தரத் தூள், அளவான சீனி. அது முழுவதும் ஒலிபரப்புக் கணினியின் விசைப்பலகைக்குள் போனதுதான் பிழை.

இலங்கை மலையகத்து அட்டனில் இருக்கும் அந்தச் சின்ன வானொலியில் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது அறிவிப்பாளன் ஜீவராஜ் அல்ல. கொழும்பிலிருந்து வரும் பட்டியல். மொத்தம் இருபத்தெட்டுப் பாட்டு. ஒரே காதல் பாட்டை ஒரு நாளில் ஆறு முறை போட்டு, ஆறு முறையும் "நீங்கள் ஆவலோடு காத்திருந்த பாடல்" என்று கூசாமல் சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

தேத்தண்ணி குடித்த கணினி அன்று பட்டியலை மீறியது. சலவைத் தூள் விளம்பரம் வர வேண்டிய இடத்தில் பூரணியின் குரல் வந்தது.

"தராசுக்கு என்ன நோயோ, என் கொழுந்தக் கண்டா எளைக்குதே..."

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பூரணி, தானே கட்டி, போனில் பாடி அனுப்பிய பாட்டு. எட்டு மாதமாக 'பார்ப்போம்' என்ற கோப்புறையில் கிடந்தது. அந்தக் கோப்புறைக்குப் பேர் வைத்தவன் ஜீவராஜ்தான். 'இல்லை' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல வராத மனிதனுக்கு வேறென்ன வழி? உள்ளே நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அலறியது. பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டுமே அழைக்கும் நேயர்கள், "அதே பாட்ட இன்னொருக்கா போடுங்க" என்றார்கள். ஒருவர் மட்டும், "அது எந்தத் தோட்டத்துத் தராசு?" என்று விசாரித்தார். ஜீவராஜ் மெதுவாகப் போனை வைத்துவிட்டான்.

கடைசியில் பூரணியே அழைத்தாள்.

"அண்ணே! மலையில நின்னு எல்லாரும் கேட்டோம். கொழுந்து நிறுக்கிற கண்டாக்கையாவும் கேட்டாரு, அவரு மூஞ்சியப் பாக்கணுமே! எங்கம்மாதான் கேக்கல, தண்ணிக்குப் போயிருச்சு. திரும்ப எப்பண்ணே போடுவீங்க?"

"பார்..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இன்னைக்கே கேட்டுச் சொல்றேன் தங்கச்சி."

மேனேஜர் இஸ்ஸதீனிடம் போனான்.

"சலவைத் தூள்காரங்க ஏசிட்டாங்க ஜீவா," என்றார் அவர், வெயிலில் காய்ந்துகொண்டிருந்த விசைப்பலகையைப் பார்த்தபடி. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. பார்ப்போம்."

எட்டு மாதமாகத் தான் விற்ற சரக்கின் ருசி ஜீவராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து விளம்பரப் பிரிவுக்குப் போனான். பிரிவு என்றால் ஷாமிலா ஒருத்திதான். அவளும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"முப்பது பேர் கேட்டிருக்காங்க ஷாமிலா. பேரெல்லாம் எழுதி வச்சிருக்கேன். கொழும்புக்கு அனுப்பினா..."

"அனுப்பாதீங்கண்ணே."

"ஏன், பாட்டு நல்லா இல்லையா?"

"ஃபைலால மூஞ்சிய மறைச்சுக்கிட்டுத்தான் கேட்டேன், கண்ணு கலங்கிருச்சு. அத விடுங்க. அந்த முப்பது பேரும் சலவைத் தூளு எந்த சைஸ்ல வாங்குவாங்க?"

"சின்னப் பாக்கெட்டு. எங்க வீட்லயும் அதான்."

"எங்க வீட்லயும் அதாண்ணே. வெளம்பரம் பெரிய பாக்கெட்டுக்கு. சின்னப் பாக்கெட் வாங்குறவங்களுக்கு என்ன பாட்டுப் புடிக்கும்னு அங்க யாரும் கேக்கப் போறதில்ல."

"அப்ப பூரணிக்கு நான் என்னத்தச் சொல்ல?"

ஷாமிலா அவனை நேராகப் பார்த்தாள்.

"போட மாட்டாங்கன்னு சொல்லுங்க. எப்பவுமே போட மாட்டாங்க."