கம்முனு கெட

எங்கள் டாபி ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்ததோடு போதும் என்று நின்றுகொண்ட நாய். டெரியர் ஜாதி என்று வெள்ளைக்கார டீச்சரம்மா சொன்னார். கொடைக்கானலில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு 2006-ல் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது, தனக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் அதை ஒப்படைத்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற நாய் என்று சத்தியம் செய்யாத குறைதான்.

எங்கள் வீட்டில் அது யார் பேச்சையும் கேட்கவில்லை. வா என்றால் வராது, போ என்றால் போகாது. குரைக்கிறதே என்று "கம்முனு கெட" என்று அதட்டினால், வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து மடியில் ஏறும். திட்டத் திட்ட மேலே வந்து விழுகிற ஜென்மத்தில் என் வீட்டுக்காரர் ராஜ்மோகனுக்கு அடுத்தபடி அதுதான்.

கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளர் தண்டாயுதபாணி இருந்தார். மனைவி இறந்த பிறகு யாரோடும் அதிகம் பேசமாட்டார். ரோஜாப் பாத்தியோடு சரி. மாடியில் டாபி குரைத்தால் முற்றத்தில் நின்று சத்தம் போடுவார். அடுத்த நிமிஷம் அது படியிறங்கி, ரோஜாவையெல்லாம் மிதித்துக்கொண்டு, அவர் வெள்ளை வேட்டியில் காலை வைத்து நிற்கும். நாய்க்குத் தன் மேல் ஏதோ பகை என்றே அவர் நம்பினார். மாசக் கடைசிக்குள் நாயை அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. பிள்ளையில்லாத வீட்டில், கதவைத் திறந்ததும் ஓடிவர ஒரு உயிர் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

நன்றாக ஓடவிட்டால் வீட்டில் அடங்கிக் கிடக்கும் என்று இடம் தேட ஆரம்பித்தோம். ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகளைத் துரத்தியது. குதிரைக்காரர் எங்களைத் துரத்தினார். பூங்காவில் வாட்ச்மேன் வாசலோடு திருப்பி அனுப்பினார். பந்து விளையாடுகிற மைதானத்தில் தெருநாய்களிடம் போய் வம்புக்கு நின்றது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் நான்.

மிச்சமிருந்தது வீட்டுக்குப் பின்னால், சுற்றுச்சுவர் வைத்த பேரிக்காய்த் தோட்டம். அதுவும் தண்டாயுதபாணியுடையது. சாவி கேட்டேன்.

"சுவரு ஒரு பக்கம் இடிஞ்சு கெடக்கும்மா. காட்டுமாடு வந்து போகுது. கூப்பிட்டா வராத நாய அங்க விட்டா மிதிபட்டுச் சாகும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

நான் விடவில்லை. ஒருமுறை மட்டும், நாயின் கயிற்றை நாங்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், தானும் கூட வருவேன் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தார்.

உள்ளே போன வேகத்தில் டாபி கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு பாய்ந்தது. மரங்களுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. அதன் முகத்துக்கு நேராகப் போய் நின்று இந்தப் பொடியன் குரைக்கிறான். ராஜ்மோகன் வா வா என்று கூப்பிட்டார், விசிலடித்தார். மாடு தலையைத் தாழ்த்தியது.

தண்டாயுதபாணிதான், பழக்கதோஷத்தில், முற்றத்தில் கத்துகிற மாதிரியே கத்தினார்.

"ஏலே, கம்முனு கெட!"

டாபி சட்டென்று திரும்பியது. புல்லுக்குள் உருண்டு புரண்டு ஓடிவந்து அவர் வேட்டியில் காலை வைத்து நின்றது. நான் அதை வாரி எடுத்துக்கொண்டேன். மாடு எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடிந்த சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

ராஜ்மோகன் அவரையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சரம்மா இங்கிலீஷ்லதான கூப்பிட்டுப் பழக்கியிருப்பாங்க. 'கம்'முன்னா வான்னு அர்த்தம். அதுக்கு அது மட்டுந்தான் கேக்குது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தண்டாயுதபாணி சிரிக்கவில்லை. வேட்டியில் இருந்த சேற்றுக் கால்தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப இத்தன நாளும் நாந்தான் அதக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேனாம்மா?"

ஆமாம் என்றேன்.

அடுத்த வாரமே ஆள் வைத்துச் சுவரை எடுத்துக் கட்டினார். சாவியை என்னிடம் தரவில்லை, தானே வைத்துக்கொண்டார். தினமும் காலையில் வெள்ளனே முற்றத்துக்கு வந்து மாடியைப் பார்த்து "கம்" என்கிறார். பின்னால் 'முனு' சேர்ப்பதில்லை.